முதல் வெப்சைட்: எதில் கட்டுவது என்பதற்கு முன்னால், யார் பெயரில் என்று கேளுங்கள்

கேள்வி: என் அப்பா 25 வருடமாகத் தண்டையார்பேட்டையில் கேரம் போர்டு செய்து விற்கிறார். மன்றங்களும் பள்ளிகளும்தான் வாடிக்கை. இப்போது வெளியூரிலிருந்தும் கேட்கிறார்கள் என்பதால் ஒரு வெப்சைட் போடலாம் என்று நினைக்கிறோம். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் 35,000 ரூபாயும், வருடா வருடம் பராமரிப்புக்கு 8,000 ரூபாயும் கேட்கிறார். நானே செய்யலாம் என்றால் வேர்ட்பிரஸ், விக்ஸ், கூகுள் சைட்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு கோடிங் தெரியாது. பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. எதில் தொடங்கட்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கூகுள் சைட்ஸில் தொடங்குங்கள். மற்ற இரண்டும் இப்போதைக்கு ஏன் வேண்டாம் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்த 35,000 ரூபாய்க்காரரிடம் நீங்கள் கேட்க மறந்த ஒன்று இருக்கிறது. வெப்சைட்டின் முகவரியை யார் பெயரில் வாங்கப்போகிறார்?

முகவரி என்றால் டொமைன். 'இன்னார் கேரம் டாட் இன்' என்று விசிட்டிங் கார்டில் போடுவோமே, அது. இதைப் போன் நம்பர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ், விக்ஸ் எல்லாம் போன். போனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சிம் அடுத்தவர் பெயரில் இருந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் நான்கு வருடம் ஒரு ஏஜென்டுக்குப் பராமரிப்புப் பணம் கட்டிவந்தார். ஐந்தாவது வருடம் தொகையை ஏற்றியதும் வாக்குவாதம். மறுவாரம் சைட் திறக்கவில்லை. என்னிடம் வந்தபோது பில் புத்தகம், துணிப்பை, கடை போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. டொமைன் கணக்கில் இருந்ததோ ஏஜென்டின் மெயில், ஏஜென்டின் மொபைல். ஓடிபி அவருக்குத்தான் போகிறது. டொமைனை விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம். 'கணக்கு வைத்திருப்பவரைத் தொடர்புகொள்ளவும்' என்று பதில் வந்தது. அந்த ஆளோடுதானய்யா தகராறே! மூன்று முறை எழுதினோம், மூன்று முறையும் எழுத்து மாறாமல் அதே பதில். கடைசியில் வேறு முகவரி வாங்கி, துணிப்பை எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், ரெட் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் விட்ட கதை.

கருவிகளையும் ரொம்ப நம்பிவிடக் கூடாது. கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தவர்களுக்கு இலவசமாகச் சின்ன வெப்சைட் ஒன்றையும் கூகுள் தந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு இடத்தில் இணைத்துக்கொண்டு பிழைத்தார்கள். கூகுள் கொடுத்த ஓசி முகவரியைக் கார்டில் அச்சடித்தவர்களுக்குக் கார்டுதான் மிச்சம். கூகுள் சைட்ஸும் நாளைக்கு மூடாது என்று யாரும் எழுதித் தரவில்லை. அதனால்தான் முகவரி உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு நச்சரிக்கிறேன்.

சரி, வாங்குவது எப்படி? முதலில் கடைக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, அப்பாவின் மொபைல் எண்ணைக் கொடுங்கள். டொமைன் விற்கும் எந்த நிறுவனத்திலும் அந்த மெயிலை வைத்து நீங்களே கணக்கு தொடங்கி, நீங்களே பணம் கட்டுங்கள். டாட் இன் போதும். 'முதல் வருடம் 99 ரூபாய்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். பொடி எழுத்தில் எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். பணம் கட்டும் பக்கத்தில் மெயில், பாதுகாப்பு, மூன்று வருடத் திட்டம் என்று நாம் கேட்காததெல்லாம் கூடையில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக நீக்குங்கள். கத்தரிக்காய் வாங்கப்போனவர் பையில் முருங்கைக்காயையும் திணித்துப் பில் போடுகிற வியாபாரத்தை இவர்கள் 'சலுகை' என்கிறார்கள்.

வாங்கி இரண்டு நாளில் போன் வரத் தொடங்கினால் பயப்படாதீர்கள். 'உங்கள் சைட்டை கூகுளில் முதல் பக்கத்தில் நிறுத்துகிறோம், கேரன்டி' என்பார்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது. கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கவும் கூகுள் காசு வாங்குவதில்லை. கேட்பவர் இடைத்தரகர். 'எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக 3,000' என்று கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் அந்தச் சான்றிதழ் பல வருடங்களாக இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் சைட்ஸில் அது தானாகவே வந்துவிடும்.

இப்போது கருவி. கூகுள் சைட்ஸ் இலவசம், ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைக்க வாடகை இடம், என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஜிமெயிலைத் திறக்கத் தெரிந்தால் போதும். போனில் திருத்துவது கஷ்டம், உங்கள் பழைய லேப்டாப்பில் க்ரோம் ஓடினால் செய்துவிடலாம். டிசைன் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. போர்டு வாங்க வருபவர் பார்ப்பது பிளைவுட்டையும் பாக்கெட்டையும்.

சொந்த டொமைனை இணைக்கும்போது ஒரே ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். கூகுள் காட்டும் வரிகளை டொமைன் கணக்கில் அப்படியே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு, முன்னால் மூன்று டபிள்யூ போட்டால் சைட் திறக்கும், போடாவிட்டால் திறக்காது. டொமைன் கணக்கிலேயே 'ஃபார்வர்டிங்' என்று ஒன்று இருக்கும். டபிள்யூ இல்லாத முகவரியை டபிள்யூ உள்ளதற்குத் திருப்பிவிடுங்கள். மாற்றம் தெரியச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் பதறிப்போய் அழித்து அழித்து எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

விக்ஸ் பார்க்க அழகு. ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த முகவரியை இணைக்க மாதாமாதம் சந்தா. அங்கே கட்டியதை மூட்டை கட்டி வேறிடத்துக்கு அப்படியே எடுத்துப்போகவும் முடியாது. வேர்ட்பிரஸ் 2003-லிருந்து இருக்கிறது, கெட்டிக்காரக் கருவி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை நீங்களே ஹோஸ்டிங் வாங்கி நிறுவினால் தீமும் (சைட்டின் தோற்றம்) பிளகினும் (கூடுதல் வசதிகள்) அடிக்கடி அப்டேட் கேட்கும். ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டால் உங்கள் கேரம் போர்டு பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடினாலும் ஓடும். 'காசு கொடுத்து வாங்கும் தீம் ஒன்றை ஓசியில் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது வந்தால் அது பெரும்பாலும் திருட்டு நகல். பல சமயம் உள்ளேயே வைரஸ் வைத்துத்தான் தருவார்கள்.

'சைட்டிலேயே பணம் கட்டி வாங்குகிற மாதிரி வேண்டாமா?' என்று அடுத்துக் கேட்பீர்கள். போர்டுக்கு வேண்டாம். 4 அங்குலச் சட்டம் போட்ட பெரிய போர்டைத் திருநெல்வேலிக்கு அனுப்ப ஒரு லாரிக் கூலி, கோவைக்கு வேறு கூலி. மூலை நசுங்காமல் கட்டுவதற்கு ஒரு செலவு. வாங்குபவரும் சட்டம் எந்த மரம், பிளைவுட் எத்தனை மில்லிமீட்டர் என்று பேசாமல் வாங்கமாட்டார். ஆகவே 'வாட்ஸ்அப்பில் கேளுங்கள்' என்று ஒரு பட்டன் போதும். பணம் யுபிஐயில் வரட்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை ஏற்றாதீர்கள், வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

விதிவிலக்கு ஸ்ட்ரைக்கர், காயின், பவுடர். இவை சின்ன பார்சல், விலையும் கூரியரும் ஒரே மாதிரி, வாங்குபவர் எதையும் பேச வேண்டியதில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 3 தங்கம் வென்றதற்குப் பிறகு, பிள்ளைகளுக்கு ஸ்ட்ரைக்கர் வாங்கித் தரும் பெற்றோரும் உங்கள் கடைக்கு வரக்கூடும். மாதம் இருபது முப்பது பார்சல் தொடர்ந்து போகிறது என்றால் அப்போது சைட்டிலேயே விற்க உதவும் ஷாப்பிஃபையோ, வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸோ யோசிக்கலாம். அப்போதும் கணக்குப் போடுங்கள். சைட்டில் கட்டும் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பொதுவாகச் சுமார் 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். 500 ரூபாய் ஸ்ட்ரைக்கருக்கு 11 ரூபாய் 80 காசு, பரவாயில்லை. 4,000 ரூபாய் போர்டுக்கு 94 ரூபாய் 40 காசு. அந்தக் காசுக்குப் போர்டின் நாலு மூலைக்கும் தெர்மாகோல் வைத்துவிடலாம். பான், வங்கி விவரம், பொருளைத் திருப்பி வாங்கும் விதிமுறைப் பக்கம் என்று கேட்வேக்காரர்கள் கேட்பதையெல்லாம் கொடுத்து முடிக்கவே ஒரு வாரம் போய்விடும். மாதம் இரண்டு ஸ்ட்ரைக்கர் விற்க இந்தப் பாடு வேண்டாம். அதையும் வாட்ஸ்அப்பிலேயே தள்ளுங்கள்.

நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து தமிழ் வாசகத்தை வாங்கி ஒட்டிவிடாதீர்கள். அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருந்தால் சைட்டில் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டும். போனில் தமிழ் விசைப்பலகையிலேயே புதிதாக அடித்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். பாலிஷ் போட்ட போர்டில் நடுவட்டம் வெள்ளையாக வெளுத்துப்போகும். காலையில் மாடிக்குத் தூக்கிப்போய் நிழலில் சாய்த்துவைத்து எடுங்கள். மூலைப் பாக்கெட்டைக் கிட்டப்போய் ஒன்று, சட்டத்தின் இணைப்பை ஒன்று. வலையேற்றுவதற்கு முன் அளவைக் குறைத்துவிடுங்கள். 4 எம்பி படம் பத்து போட்டால் மன்றத்துப் பையன்கள் போனில் சைட் திறப்பதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஜிமெயில் பாஸ்வேர்டு, டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பெயர், புதுப்பிக்க வேண்டிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் ரேஷன் கார்டும் இ.பி. அட்டையும் இருக்கும் பைக்குள் வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அப்பா தேடினால் கிடைக்க வேண்டும்.