துபாயிலிருந்து பணம் அனுப்ப எந்த நேரம் நல்லது? நாணயச் சந்தை 24 மணி நேரமும் நடக்கிறதே, ராத்திரி ரேட்டும் பகல் ரேட்டும் ஏன் வேறுபடுகின்றன?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஒரு நண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டாலரில் வரும் பணத்தை ரூபாயாக்குவது என் தலையில்தான், அதனால் இந்த நேரக் கணக்கு கொஞ்சம் பழக்கம்.

சந்தை திங்கள் அதிகாலை முதல் சனி அதிகாலை வரை மூடுவதில்லை, சரி. ஆனால் கூட்டம் எப்போதும் ஒன்றல்ல. இந்திய நேரப்படி காலை 5.30 வாக்கில் டோக்கியோ விழிக்கும், பகல் 1.30க்கு லண்டன், மாலை 6.30க்கு நியூயார்க். கோடையில் லண்டனும் நியூயார்க்கும் கடிகாரத்தைத் தள்ளிவைப்பதால் இரண்டும் ஒரு மணி நேரம் முந்தும். இரண்டு ஊரும் சேர்ந்து விழித்திருக்கும் அந்த நாலு மணி நேரத்தில்தான் ரேட் அதிகம் ஆடும். அமெரிக்காவின் மாதாந்திர வேலைவாய்ப்புக் கணக்கு வருவதும் அப்போதுதான்.

ரேட் ஆடுவது வேறு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வேறு. சந்தையில் ஆள் குறைந்தால் இந்த இடைவெளி விரியும். விடியற்காலையில் வள்ளம் கரையேறும்போது ஒரே ஏஜண்ட் நின்றால் அவர் சொல்வதுதான் நண்டு விலை. எட்டுப் பேர் நின்றால் அஞ்சு ரூபாய்க்கு முட்டிக்கொள்வார்கள். ஆள் இல்லாத நேரம் எவ்வளவு மோசம் என்பதற்கு 2016 அக்டோபர் 7 போதும்: நமக்கு அதிகாலை நாலரை மணி, நியூயார்க் வீட்டுக்குப் போயாச்சு, லண்டன் தூக்கத்தில். பவுண்டு சில நிமிடங்களில் சுமார் 9 சதவீதம் விழுந்து, பெரும்பகுதி திரும்பி ஏறியது.

ரூபாய்க்கு இன்னொரு சங்கதி. உள்நாட்டு வங்கிச் சந்தை காலை 9 முதல் மாலை 3.30 வரைதான். அதற்கப்புறம் சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரூபாய் ரேட்டை வைத்து ஒப்பந்தம் போட்டு, ரூபாயைக் கைமாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்வார்கள். அந்த ஏற்ற இறக்கம் மறுநாள் காலை ஒரே குதியாக இங்கே வந்து நிற்கும். நான் பட்டிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, "பொறுப்பா, இன்னும் ஏறும்" என்றார் முதலாளி. பொறுத்தோம், வங்கியில் நேரம் முடிந்துவிட்டது. சாயங்காலம் அமெரிக்க வேலைக் கணக்கு சப்பென்று வர, திங்கள் காலை டாலருக்கு 30 காசு குறைவு. 80,000 டாலர் பில், 24,000 ரூபாய் போச்சு. முதலாளி அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் விஷயம். திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டது. ஆக நீங்கள் பார்க்கும் திர்ஹம் ரேட், வேறு சட்டை போட்ட டாலர் ரேட்தான். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இங்கே சந்தை மூடியிருப்பதால், மறுநாள் எங்கே திறக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்து, பணம் அனுப்பும் ஆப்காரர்கள் ஒரு காசு பிடித்துவைப்பதுண்டு. வாரநாளில் உங்கள் நேரம் மதியம் 2 மணிக்குள், அதாவது இங்கே 3.30க்குள், அனுப்பிப் பாருங்கள். அதற்காக நாள் முழுக்கப் போனையே பார்க்க வேண்டாம்: 2,000 திர்ஹம் அனுப்பினால் டாலருக்கு 20 காசு வித்தியாசம் என்பது நூற்றுச் சொச்சம் ரூபாய். அனுப்பும் கட்டணத்தை இரண்டு இடத்தில் விசாரித்தாலே அது கிடைத்துவிடும்.

அப்புறம், "லண்டன் செஷனில் தினமும் லாபம்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறவர்களிடம், ஊரில் இருக்கும் உங்கள் தம்பிமாரைப் போகவிடாதீர்கள். அனுமதி பெறாத இப்படிப்பட்ட நாணய வர்த்தகத் தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. அங்கே பணம் கட்டினால் இங்கே கட்டியவர் மேலும் சட்டம் பாயும்.