கடலுக்குப் போன நாளில் பூ வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் ராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் போகிறார். படகு கிளம்பியதிலிருந்து மறுநாள் காலை கரை சேரும்வரை போனும் கையுமாகவே இருக்கிறேன். 'பிடித்துவிட்டார்கள்' என்று குரூப்பில் ஒரு வரி வந்தாலே வயிறு கலங்குகிறது. அவர் கடலில் கிடக்கும்போது டிவி பார்த்துச் சிரித்தால்கூடக் குற்றமாகப் படுகிறது. அவர் வீட்டில் இருக்கும் நாளிலும் மனசு லேசாவதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்கள் பயத்தை வீண் பயம் என்று தள்ள மாட்டோம். இலங்கைக் கடற்படையின் கைதும் நடக்கிறது, படகும் பறிபோகிறது. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள்தான் கடல். மீதி 4 நாள் நாட்டுப்படகுக்கு. அதற்கு மேல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கரையில் இருக்கும் இத்தனை நாளையும் பயமே தின்றுவிடுகிறது. முதலில் மீட்க வேண்டியது அந்த நாட்களை.

சிரித்தால் குற்றமா என்கிறீர்கள். நீங்கள் விழித்திருப்பதால் படகு சீக்கிரம் வந்துவிடாது. தூங்காத கண்ணோடு வரவேற்றால் விடிந்ததும் சண்டைதான் வரும்.

போனுக்கு வருவோம். அவர் நம்பர் கிடைக்கவில்லை என்பது சேதியே அல்ல. கரையை விட்டு விலக விலக டவர் போய்விடும். வாட்ஸ்அப் குரூப்பில் சத்தத்தை அடக்க 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என மூன்று வழி உண்டு. 'எப்போதும்' வையுங்கள். குரூப் மட்டும்தான் அடங்கும், நேராக உங்களுக்கு வரும் அழைப்பு வரத்தான் செய்யும். படகுக்காரர் வீட்டில் ஒரே ஒருவரிடம் "ஏதாவது என்றால் எனக்குக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். குரூப்பை மாலை 6 மணிக்கு ஒருமுறை, காலை 5 மணிக்கு ஒருமுறை, பத்துப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். இரட்டை அம்புக்குறியோடு வரும் வீடியோ பல கை மாறியது, பழையதாகவும் இருக்கலாம். முதல் சில நாள் கை பரபரக்கும், அது இயல்பு.

மாலையில் அரை மணி நேரம் நடங்கள். வடகடல் பக்கம் மட்டும் வேண்டாம். படகு போன திசையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் காவல் காப்பதாகிவிடும். தென்கடல் பக்கம் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்தது கைக்கு ஒரு வேலை. தங்கச்சிமடத்தில் இருப்பவரை மல்லிச்செடி வைக்கச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். வெளியூர்க்காரர்கள் நாற்று வாங்க வரும் ஊர் அது. இருந்தாலும் சொல்கிறோம். விற்பதற்கு வேண்டாம், உங்களுக்கென்று இரண்டே செடி. நீளம், அகலம், ஆழம் எல்லாம் 1 அடி வரும்படி குழி எடுங்கள். மணலில் ஈரம் நிற்காது என்பதால் மக்கிய சாணமும் செம்மண்ணும் கலந்து நிரப்புங்கள். நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலைதான் தழைக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும், அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுங்கள். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் உப்பு) கரைத்துத் தெளியுங்கள். செடி வளர்ந்தபின் ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். வெட்ட மனசு வராது. ஆனால் பூ வருவது புதுக் கிளையில்தான்.

மொட்டுப் பறிப்பது வெயில் ஏறுவதற்கு முன்பு. படகு கரை பிடிக்கும் வேளையும் அதுதான், போனைத் தேடும் விரலுக்கு அப்போது வேறு வேலை இருக்கும். மொட்டை ஈரத்துணியில் சுற்றி வைத்து, மாலையில் கட்டித் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடலுக்குப் போன நாளிலும்தான்.