பஞ்சரான டயரை ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: சென்ற வாரம் தாம்பரம் – மதுரவாயல் புறவழிச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் காரின் பின்பக்க டயரில் காற்று முழுவதும் இறங்கிவிட்டது. இரவு நேரம் என்பதால் நிறுத்த அச்சப்பட்டு, மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஒரு பஞ்சர் கடையை அடைந்தேன். டயரை ரிம்மிலிருந்து கழற்றாமலேயே ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி அடைத்துத் தந்தார். காற்று நிற்கிறது. ஆனால் வேறொரு கடைக்காரர் டயரையே மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இருவருமே டயரின் உட்புறத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் ஆணியைவிட என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மூன்று கிலோமீட்டர்தான். காற்றில்லாத டயரில், அந்தச் சக்கரம் தாங்கும் எடை முழுவதும் பக்கச் சுவரின்மீது இறங்குகிறது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே அந்தச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்வதால் கடுமையாகச் சூடேறி, ரப்பருக்குள் இருக்கும் நூலிழைகள் தளர்ந்தும் அறுந்தும் போகின்றன. மீண்டும் காற்றடித்தவுடன் வெளிப்பார்வைக்கு டயர் பழையபடியே நிற்கும். சேதம் உள்ளே மறைந்திருக்கும்.

இதை நான் அனுபவத்தில் அறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் போரூர் அருகே என் காரின் டயர் காற்றிழந்தபோது நானும் அடுத்த சிக்னல், அதற்கடுத்த சிக்னல் என்று ஓட்டிச் சென்று, கழற்றாமலேயே அடைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து, காரைக் கழுவும்போது அதே டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு கையில் தட்டுப்பட்டது. டயரைக் கழற்றி உட்புறம் விரலை ஓட்டியபோது, அரைபட்ட ரப்பர் கரித்தூளைப் போல விரல் முழுவதும் ஒட்டிக்கொண்டது. பக்கச் சுவரின் உட்பகுதியில் வளையமாக ஒரு தேய்மானக் கோடு ஓடியது. அந்தத் தூளையும் அந்தக் கோட்டையும்தான் உங்கள் டயரிலும் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டில் எது இருந்தாலும் துளை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அந்த டயரை ஒட்டக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

உட்புறம் சுத்தமாக இருந்தால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது துளையின் இடம். சாலையில் படும் பட்டையின் நடுப்பகுதியில் துளை இருந்து, அதன் விட்டம் 6 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் ஒட்டலாம் என்பதே டயர் தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரையறை. பட்டையும் பக்கச் சுவரும் சேரும் தோள்பகுதியிலோ பக்கச் சுவரிலோ துளை இருந்தால், அந்த இடம் ஓயாமல் வளைந்து நிமிர்வதால் எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது. பழைய ஒட்டின்மேல் புதிய ஒட்டு ஏறும்படியான துளையையும், பட்டையின் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழமே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்துவிட்ட டயரையும் ஒட்டுவதில் பயனில்லை.

வெளியிலிருந்து செருகிய திரி துளையை மட்டும் அடைக்கிறது. உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்துவைப்பது உட்புறத்தில் இருக்கும் மெல்லிய ரப்பர் அடுக்கு. ஆணி கிழித்த இடத்தில் அந்த அடுக்கைத் திரியால் முழுமையாக மூட முடியாது. திரியின் ஓரமாக நீர் கசிந்தால், பட்டைக்கு அடியில் இருக்கும் எஃகுக் கம்பிகள் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீரில் வண்டி ஓட்டப் பழகிய வேளச்சேரிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே திரியைத் தற்காலிக ஏற்பாடாக மட்டும் கொள்ளுங்கள். டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தப்படுத்தி, பசை தடவி, காளான் வடிவ ஒட்டை வைப்பதே முறையான பழுது: அதன் தண்டு துளையை நிரப்பும், குடை உள் அடுக்கின்மேல் படிந்து மூடும். மஷ்ரூம் பேட்ச் என்று கேட்டால் கடைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். முடிந்ததும் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்படுத்தும் வீல் பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். இந்த வாரமே டயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது நீங்களும் அருகில் நில்லுங்கள். அதுவரை அந்தக் காரில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

இன்னொன்று. தேசிய நெடுஞ்சாலையில் இப்படி நேர்ந்தால், சாலையின் ஓரத்துக்கு முடிந்தவரை ஒதுங்கி, நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, 1033 என்ற எண்ணுக்கு அழைத்து உதவி கேட்கலாம்.

கேள்வி: ஒரே ஒரு டயரில் மட்டும் காற்றழுத்தம் வாரத்துக்கு ஐந்து பி.எஸ்.ஐ. குறைகிறது. ஆணி எதுவும் கண்ணில் படவில்லை. கடைக்காரரும் பஞ்சர் இல்லை என்கிறார்.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறையும், வாரத்துக்கு ஐந்து என்பது கசிவுதான். வால்வின் வாயிலும், டயர் ரிம்மோடு சேரும் விளிம்பைச் சுற்றிலும் சோப்பு நீரைத் தடவிச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்; குமிழி எழும் இடமே கசியும் இடம். கடற்காற்று வீசும் உங்கள் பகுதியில் அலாய் வீலின் விளிம்பு அரித்துப் போயிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் டயரைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும். வால்வு என்றால் சிறு செலவு.

கேள்வி: புதிதாக வாங்கிய காரில் ஸ்டெப்னியே இல்லை. ஒரு திரவப் புட்டியும் சிறிய கம்ப்ரஸரும் மட்டும் தந்திருக்கிறார்கள். இது சட்டப்படி சரியா? நம்பிப் புறப்படலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சட்டப்படி சரிதான். மோட்டார் வாகன விதிகளில் 2020 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ட்யூப்லெஸ் டயர்களும், காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பும், பஞ்சர் பழுதுபார்க்கும் பெட்டியும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணியர் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை.

நம்பிப் புறப்படுவது நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தத் திரவம் பட்டையில் விழுந்த சிறு துளையை மட்டுமே அடைக்கும். குழியில் இறங்கிப் பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. நகருக்குள் ஓட்டுவதற்கு அது போதும். குடும்பத்தோடு வெளியூர் போகிறவராக இருந்தால், உங்கள் காருக்குப் பொருந்தும் ஸ்டெப்னி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுமாறு அழுத்திச் சொல்வேன். பயணப் பெட்டிகள் வைக்கும் இடம் குறைந்தாலும் பரவாயில்லை. புட்டியின்மீது அச்சிட்ட காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். ஆணி குத்தி, காற்று இன்னும் நிற்குமானால் அதைப் பிடுங்காமல், அழுத்தத்தைக் கவனித்தபடி அருகிலுள்ள கடைக்குச் செல்லுங்கள். திரவத்தைப் பயன்படுத்தியிருந்தால், டயரைக் கழற்றும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்; உள்ளே படிந்திருப்பதை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே ஒட்டுப் பிடிக்கும்.