ரெய்டு கார்டின் பிஎன்பி சோதனை தோற்பது குறித்து

வணக்கம். உங்கள் ரெய்டு கார்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அட்டை), விண்டோஸுக்கான வன்பொருளைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் ஹெச்எல்கே தொகுப்பின் மற்றச் சோதனைகளில் தேறிவிட்டது என்றும், சாதனத்தை முடக்கி மீண்டும் இயக்கும் பிஎன்பி (பிளக் அண்ட் பிளே) சோதனையில் மட்டும் ‘மறுதொடக்கம் தேவை’ என்று தோற்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கார்டை விண்டோஸில் இயங்கவைக்கும் மென்பொருளான டிரைவரின் நிரலில் கைவைப்பதற்கு முன், விண்டோஸ் வேறு வட்டில் இருந்தாலும் பேஜ் ஃபைல் (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் கோப்பு) இந்தக் கார்டில் இணைந்த வட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பேஜிங் பாதையில், அதாவது பேஜ் ஃபைலை அடையும் வழியில், உள்ள சாதனத்தை விலக்க விண்டோஸ் இசையாது, அதில் டிரைவரின் குற்றம் எதுவும் இல்லை.

பேஜ் ஃபைலை மதர்போர்டின் சாட்டா இணைப்பில் நேரடியாக உள்ள வட்டுக்கு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து, சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் தோற்றால், ஈவென்ட் வியூவரின் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் கருவி) சிஸ்டம் பதிவில் கெர்னல்-பிஎன்பி என்ற பகுதி எழுதிய 225 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். எந்தச் செயலி, எந்த பிராசஸ் எண்ணுடன், சாதனத்தை விலக்கவிடாமல் தடுத்தது என்பதை அது பெயரோடு சொல்லும். வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயர் அங்கே இருந்தால், சோதனைக் கணினியிலிருந்து அதை நீக்கிவிடுவதே நல்லது. ‘சிஸ்டம்’, எண் 4 என்றிருந்தால், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்கும் ஏதோ ஒன்று சாதனத்தைப் பிடித்துவைத்திருக்கிறது; உங்கள் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: சேமிப்புச் சோதனைகளில் சில, வட்டில் உள்ளதை அழித்து எழுதுபவை. ஆகவே தேவையான கோப்பு எதையும் கார்டில் இணைந்த அந்த வட்டுகளில் வைக்காதீர்கள்.