எறும்புக்கும் லென்ஸுக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வருடமாகப் பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மனம் முழுக்கப் பூச்சிகளிடம் போய்விட்டது. சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க நினைக்கிறேன். 60 மி.மீ., 100 மி.மீ. குவியத்தூர லென்ஸ்கள் இரண்டுமே 1:1 என்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் பெரிதாக்கும் என்றால் 100-க்குக் கூடுதல் பணம் எதற்கு? 100-ல் டெப்த் ஆஃப் ஃபீல்டு (படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம்) குறைந்துவிடும் என்று நண்பர் வேறு பயமுறுத்துகிறார். என்னிடம் இருக்கும் 70-300 ஜூமிலும் ‘மேக்ரோ’ என்று எழுதியிருக்கிறது. அது போதாதா? நான் எடுத்த கட்டெறும்புப் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

ஜூமில் எழுதியிருக்கும் ‘மேக்ரோ’வை நம்பாதீர்கள். அவற்றில் பல 1:4 வரைதான் வரும், சில 1:2 எட்டும். 1:1 என்றால் 1 செ.மீ. எறும்பு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேலும் 1 செ.மீ. நீளத்துக்கே விழவேண்டும்.

60-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக்குவதில் இல்லை. எவ்வளவு தள்ளி நின்று பெரிதாக்குகிறது என்பதில் இருக்கிறது. லென்ஸ் விவரத்தில் போடும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. 100 மி.மீ. லென்ஸுக்கு அது சுமார் 30 செ.மீ. அதில் கேமராவின் தடிமனும் லென்ஸின் நீளமும் போனால், லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண் கூட மிஞ்சாது, 14 செ.மீ. அளவுதான். 60 மி.மீ.யில் இது 5 முதல் 9 செ.மீ. ஆகிவிடும். அவ்வளவு கிட்டே போனால் லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும்.

நான் முதலில் வாங்கியது 60 தான். பூவுக்கும் பாசிக்கும் அருமையாக இருந்தது. தட்டானிடம் போனபோதுதான் கஷ்டம் புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஃபோகஸ் கிடைக்கும் அந்த நொடியில் அது எழுந்து போய்விடும். பல வாரம் வெறும் குச்சிகளைத்தான் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். குளிர்ந்த விடியற்காலையில், சிறகில் பனி கோத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் 60 கைகொடுத்தது. 100-க்கு மாறியபின் வெயில் ஏறிய நேரத்திலும் படம் கிடைத்தது. அந்தக் கூடுதல் சில சென்டிமீட்டருக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். பூச்சிதான் எடுக்கப்போகிறீர்கள் என்றால், என் கணக்கில் அது தகும். 150, 180 இன்னும் தள்ளி நிற்க விடும். ஆனால் கையில் பிடித்து அலைய எடை அதிகம்.

நண்பர் சொன்னது சரியில்லை. ஒரே அபர்ச்சரில் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக்கூட அது சிறிதாகும்) ஒரே அளவு பெரிதாக்கினால், 60-லும் 100-லும் கூர்மையின் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஃப்/8-ல், 1:1-ல், முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரில் அது ஏறக்குறைய 1 மி.மீ. எறும்பின் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் இடுப்பு மங்கிவிடும். 100-ல் பின்னணி குறுகலாகவே தெரிவதால் குச்சி, இலை எல்லாம் கரைந்து ஒரே நிறமாகிவிடுகிறது. அதைத்தான் அவர் ஆழக்குறைவு என்று நினைத்திருப்பார்.

அபர்ச்சரை எஃப்/22-க்கு மூடினால் ஆழம் கூடுமே என்று தோன்றும். 1:1-க்கு நெருங்கும்போது ஒளி கால் பங்காகிறது; எஃப்/8 என்று வைத்தது எஃப்/16 போல நடந்துகொள்ளும். அந்தக் கணக்கில் எஃப்/22 எஃப்/45-க்குச் சமம், அதில் ஒளியின் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன், சிறு துளையில் நுழையும் ஒளி பரவிப்போவது) படம் முழுவதையும் மழுக்கிவிடும். நான் 8-லிருந்து 11-க்குள் நின்றுவிடுவேன். குறையும் ஒளிக்கு ஃபிளாஷ், அதன் முன்னால் வெள்ளைத்தாளோ மெல்லிய துணியோ.

கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனுக்காக ஏங்கவும் வேண்டாம். 2009-ல் வந்த கேனன் 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸுக்கு அந்த நிறுவனமே சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப், 1:1-ல் 2 ஸ்டாப் என்றுதான் சொன்னது (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம்). ஆட்டோ ஃபோகஸும் இவ்வளவு கிட்டத்தில் தடுமாறும். ஃபோகஸை மேனுவலில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். இதற்கு ஒரு மாதப் பழக்கம் தேவைப்படும்.

அந்த ஒரு மாதத்தைப் புது லென்ஸ் இல்லாமலேயே தொடங்கலாம். உங்கள் 70-300-ன் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற +8 டயாப்டர் திறனுள்ள குளோஸ்-அப் லென்ஸை மாட்டி, ஜூமை 200-ல் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் விடுங்கள். ஏறத்தாழ 1.6 மடங்கு கிடைக்கும், பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. இருக்கும். ஓரங்களில் கூர்மை கொஞ்சம் தளரும், ஆனால் எறும்பு நடுவில்தானே இருக்கப்போகிறது. இதில் உங்களுக்குப் பொறுமை நிற்கிறது என்று தெரிந்தபின் 90-லிருந்து 105-க்குள் எந்த மேக்ரோவை வாங்கினாலும் சரி. இந்த வகை லென்ஸ்களில் கூர்மையில்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

உங்கள் கட்டெறும்பு நன்றாக இருக்கிறது. மேலேயிருந்து குனிந்து எடுத்திருக்கிறீர்கள், அதனால் முதுகுதான் தெரிகிறது. உணர்கொம்பு கூர்மையாகவும் கண் மங்கியும் விழுந்திருக்கிறது. அடுத்த முறை தரையில் படுத்து, அதன் முகத்துக்கு நேராக எடுத்து அனுப்புங்கள்.