பழைய ஸ்விஃப்டுக்குத் தடித்த ஸ்வே பார்: முன்னுக்கா, பின்னுக்கா?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது பழைய சுசுகி ஸ்விஃப்ட் கார். நாளாந்த ஓட்டம் கொழும்புக்குள், நீண்ட விடுமுறை வந்தால் அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியா. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கம் இழுக்கிறது, பொடி சாய்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் தடித்த ஸ்வே பார் (இடது, வலது சில்லுகளை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி), கூடவே தாழ்த்தும் ஸ்பிரிங், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடலாமா என்கிறார்.

பின் பார் மட்டும் போடுங்கள், அதுவும் மிதமானதாக. முன் பாரைத் தொடவேண்டாம். ஸ்பிரிங் கதையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வளைவில் உள்பக்கச் சில்லுகளின் சுமை வெளிப்பக்கச் சில்லுகளுக்குப் போகிறது. மொத்தம் எவ்வளவு போகும் என்பது காரின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சில்லுகளுக்கு இடையிலான அகலம், வளைவை எடுக்கும் வேகம் இவற்றைப் பொறுத்தது. ஸ்வே பார், அதாவது ஸ்டெபிலைசர் பார், சாய்வைக் குறைக்குமே தவிர அந்த மொத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்ற பங்கைத்தான் அது மாற்றும். ஒரு டயர் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை. அதனால் எந்த அச்சில் இடம்–வலம் சுமை மாற்றம் அதிகமோ, அந்த அச்சு பிடிமானத்தை அதிகம் இழக்கும்.

உங்களுடையது முன்சில்லு இழுக்கும் கார். எடையில் பெரும்பகுதி முன்னால், திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர். அங்கே பாரைத் தடிப்பாக்கினால் சாய்வு குறையும், மூக்கு இன்னும் வெளியே போகும், வளைவிலிருந்து வெளிவரும்போது உள்பக்கச் சில்லு சும்மா சுழலவும் செய்யும். (மக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும் ஒரே தூணாக நிற்கும் சஸ்பென்ஷன் உள்ள கார்களில், சாய்வு குறைந்தால் கேம்பர், அதாவது சில்லு நிமிர்ந்து நிற்கும் கோணம், கெடாமல் இருக்கும் என்று முன் பாரையும் மாற்றுபவர்கள் உண்டு. அது நல்ல டயரோடு போட்டிக்கு ஓடுபவர்களின் கணக்கு.) பின்னால் விறைப்பைக் கூட்டினால் சுமை மாற்றத்தில் பெரிய பங்கைப் பின் அச்சு எடுத்துக்கொள்ளும், முன் டயர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

எவ்வளவு தடிப்பு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திடமான கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மில்லிமீட்டரிலிருந்து 24க்குப் போனால் சுமார் 1.4 மடங்கு, 26க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்விஃப்டின் பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சில்லுகளையும் இணைக்கும், முறுகக்கூடிய குறுக்குச் சட்டம். அந்த பீமே முறுகி ஸ்வே பார் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறது, வாங்கிப் போடும் பார் அதன்மேல் சேர்வது. துளைகளால் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் பார் கிடைத்தால், பாரின் கைப்பகுதி நுனியில் உள்ள துளையில் தொடங்குங்கள். நெம்புகோல் நீளம் என்பதால் அதுதான் மென்மையானது.

மிதமாக என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் மழை. கித்துல்கலைப் பக்கம் ஈரத்தெருவில் இறங்கும்போது வளைவின் நடுவில் பயந்து அக்ஸிலரேட்டரை விட்டீர்கள் என்றால் எடை முன்னுக்கு ஓடும், பின் டயர்கள் லேசாகும். பின்பக்கம் அளவுக்கு மிஞ்சி விறைப்பாக இருந்தால் அப்போது வால் சுழலும். மூக்கு வெளியே போனால் சாதாரண ஓட்டுநர் காலை எடுப்பார், கார் தானாக உள்ளே வரும். கம்பனிகள் வேண்டுமென்றே மூக்கு இழுப்பை விட்டுவைப்பது இதற்காகத்தான். அதை முழுவதும் அழிக்க நினைக்காதீர்கள்.

கொழும்புத் தெருவுக்கும் ஒரு விலை உண்டு. பார் இரண்டு சில்லுகளையும் கட்டிப்போடுகிறது. ஒரு சில்லு குழியில் விழுந்தால் மற்றதுக்கும் தெரியும், தலை இடமும் வலமும் ஆடும். வேகத்தடையில் இரண்டு சில்லும் ஒன்றாக ஏறுவதால் அங்கே ஒரு வித்தியாசமும் இராது.

சரி, பணம் செலவழிக்குமுன் காரின் அடியைப் பாருங்கள். இந்த வயதுக் காரில் பாதி வியாதி அங்கேதான். பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருந்தால் அந்தத் தளர்வு தீரும்வரை பார் வேலையே செய்யாது. குழியில் டொக் டொக் என்று கேட்பது பெரும்பாலும் அதுதான். கன்ட்ரோல் ஆர்ம் (சில்லைப் பொடியோடு இணைக்கும் கை) புஷ், ஷொக், அதன் மேல் மவுண்ட் எல்லாவற்றையும் பாருங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், பாவித்த ஷொக் மட்டும் வேண்டாம். ஷொக்கை ஜோடியாகவே மாற்றுங்கள். அது தொடர்ந்து ஒரே சாய்வில் நிற்கும் காரின் பங்கீட்டை மாற்றாது, திருப்பத் தொடங்கும் கணத்தையும் நிமிரும் கணத்தையும்தான் ஆளும். ரப்பர் புஷ் போடும்போது கார் சில்லில் நிற்க, அதன் சொந்த உயரத்தில் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கில் தூக்கியபடி இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். கராஜில் அவசரத்துக்கு இதைத்தான் முதலில் மறப்பார்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1519 என்றால் 2019இன் 15ஆவது வாரம். டயரின் பூ (மேல் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். அப்புறம் சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட். இவ்வளவுக்குப் பிறகும் மூக்கு இழுத்தால்தான் பார்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கைத் தள்ளிவைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மக்பர்சன் ஸ்ட்ரட் காரைத் தாழ்த்தினால் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மின் கோணம் மாறி, புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர், அதாவது பொடி சாயும்போது சுழலும் புள்ளி, அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைத்தூரம் கூடும், கார் சாயத் துடிக்கும். தாழ்த்திய பயனில் பெரும்பங்கு இதிலேயே போய்விடும். மிச்சமுள்ள அசைவும் குறைவதால் வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் (அசைவின் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) இடிக்கும், அந்த நொடியில் முன் அச்சு கட்டையாகி மூக்கு வெளியே பாயும். ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பார் போட்ட பிறகு ஒரு வாரம் நிதானமாக ஓடிவிட்டு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பொலியுரேத்தேன் புஷ் வந்திருந்தால் சிலிக்கோன் கிரீஸ் பூசாமல் போடவேண்டாம், கீச்சிடும்.