'இன்றும் எதுவும் செய்யவில்லை' என்று தோன்றுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு படுக்கும்போது, 'இன்றும் எதுவும் செய்யவில்லை' என்ற எண்ணமே மிஞ்சுகிறது. தினமும் சாதித்ததை எழுதிவைக்கச் சொன்னார்கள். நான்கு நாள் எழுதினேன். ஐந்தாம் நாள் எழுத ஒன்றுமில்லை, விட்டுவிட்டேன். இதனால் உண்மையில் பலன் உண்டா?

பதில்: உண்டு. 'சாதனை' என்ற சொல்தான் உங்களைத் தடுத்திருக்கிறது. தேர்வு முடிவு எப்போதோ ஒருமுறை வருவது. அதையே அளவுகோலாக வைத்தால் மற்ற நாள்களெல்லாம் வெறுமையாகத்தான் தெரியும். செய்த வேலையை எழுதுங்கள், அது எவ்வளவு சிறியதானாலும்.

மனம் சோர்ந்திருக்கும்போது நினைவும் ஒருபக்கமாகச் சாயும். தவறவிட்டவை வரிசையாக வந்து நிற்கும். முடித்தவை 'ஏதோ படித்தேன்' என்று பொத்தாம்பொதுவாக வரும். இரவில் உட்கார்ந்து யோசித்தால் பக்கம் காலியாக இருப்பது இதனால்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு என மூன்று வேளை எழுதுங்கள். வேளைக்கு இரண்டு வரி போதும்.

'வரலாறு படித்தேன்' என்பது உதவாது. '10.15 முதல் 11 வரை நீதிக்கட்சி ஆட்சி, 14 பக்கம், 20 வினாவில் 13 சரி' என்று எழுதுங்கள். ரேஷன் வாங்கி வந்தது, நண்பரின் அழைப்பை எடுத்துப் பேசியது, குளித்தது எல்லாமே சேர்த்தி. சோர்ந்த நாளில் எழுந்து குளிப்பதே பெரும்பாடு. அதற்குரிய மதிப்பைக் கொடுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், 0 முதல் 10 வரை, இரண்டு எண் போடுங்கள்: முடித்த திருப்தி எவ்வளவு, மகிழ்ச்சி எவ்வளவு? மனச்சோர்வுக்கான சிகிச்சையில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இவ்விரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிடச் சொன்னார். ஞாயிறன்று ஏழு நாளையும் சேர்த்துப் பாருங்கள். திருப்தி 5, 6 என்றிருந்து, மகிழ்ச்சி மட்டும் நெடுக 1, 2 ஆக இருந்தால், இன்னும் அதிக நேரம் படிப்பது தீர்வாகாது. எந்த வரியில் மகிழ்ச்சி எண் கூடியிருந்ததோ, அந்த வேலைக்கு அடுத்த வாரம் கிழமையும் நேரமும் குறித்துவிடுங்கள். மாலை நடையோ கேரமோ, எதுவானாலும் சரி. ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சோர்வில் செயல்தான் முதலில், ஊக்கம் பின்னால்தான் வரும்.

நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை இதே நோட்டில் எழுதாதீர்கள், விடுபட்டவை கண்ணை உறுத்தும். தொடர் நாள்களை எண்ணும் செயலிகளும் வேண்டாம். ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும், அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். நாள் தவறினால் இன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள்.

இந்தப் பழக்கம் மட்டும் எல்லோருக்கும் போதாது. பெரும்பாலான நேரம் சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் மாறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இப்படிக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போதிருந்து, எந்த வேளையில் சோர்வு அதிகம் என்று அவர் கேட்பதற்கு அதில் விடை இருக்கும்.